கரையாத ஜிங்க்

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில், அவுட்போர்டு மோட்டார் பழுதுபார்க்கும் கடையில் ஒரு மத்தியானம் உட்கார்ந்திருந்தேன். ஃபைபர் படகுக்காரர் ஒருவர் தன் 15 குதிரைத்திறன் மோட்டாரைக் கொண்டுவந்து ஸ்டாண்டில் மாட்டியிருந்தார். மோட்டாரின் கீழ்க்காலில் பெயின்ட் கொப்பளித்துக் கிளம்பியிருந்தது. அதற்கடியில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. அதே காலில் உள்ளங்கை அளவு ஒரு உலோகக் கட்டி மட்டும் நேற்று வாங்கின மாதிரி இருந்தது. அதுதான் ஜிங்க். துரு பிடிக்காமல் மோட்டாரைக் காப்பாற்றுவதற்காக மாட்டுவது.

"எல்லாம் அரிச்சுப்போச்சுண்ணே. இந்த ஜிங்க் ஒண்ணுதான் ரெண்டு வருசமா அப்படியே இருக்கு. டூப்ளிகேட்டுன்னு சொன்னாங்க, ஆனா நல்ல சாமான்" என்றார் படகுக்காரர்.

மெக்கானிக் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது அப்படியே இருக்குறதாலதான் தம்பி, மத்ததெல்லாம் அரிச்சுது."

இந்தக் குறிப்பு முழுக்க அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுதான். கம்பெனி அல்லாத உதிரிபாகங்களைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் 'எவ்வளவு நாள் உழைச்சுது' என்ற ஒரே கேள்வியில் போய் நிற்கிறது. அவுட்போர்டு மோட்டாரைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியே பாதி நேரம் தப்பு என்பது என் கட்சி. கேள்வி தப்பாக இருப்பதால் மோசமான பாகங்கள் தேர்வில் பாஸாகின்றன. பெயில் ஆவது நடுக்கடலில்.

மூன்று பெட்டிகள்

முதலில் வார்த்தைகளைக் கொஞ்சம் பிரித்துக்கொள்வோம். கடையில் 'ஒரிஜினல்', 'லோக்கல்' என்று இரண்டு சொல்தான் புழங்குகிறது. உண்மையில் அலமாரியில் இருப்பது மூன்று வகை.

ஒன்று, மோட்டார் கம்பெனி தன் பெயரில் விற்பது. இரண்டாவது, வேறொரு நிறுவனம் தன் சொந்தப் பெயரைப் போட்டு, 'இந்த மோட்டாருக்குப் பொருந்தும்' என்று சொல்லி விற்பது. ஆஃப்டர்மார்க்கெட் என்று சரியாகச் சொல்ல வேண்டியது இதைத்தான். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை, சட்டப்படியும் தப்பு இல்லை. மூன்றாவது, யாரோ செய்து, மோட்டார் கம்பெனியின் பெயரையும் பெட்டியையும் அப்படியே அச்சடித்து விற்பது. இது போலி.

இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்து 'லோக்கல்' என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதுதான் முதல் குழப்பம். தன் பெயரைப் போட்டு விற்கிறவனுக்கு அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டிய கவலை இருக்கும். அடுத்தவன் பெயரில் விற்கிறவனுக்கு எந்தக் கவலையும் கிடையாது. இரண்டு பேரையும் ஒரே விலையில், ஒரே பார்வையில் வைத்தால் யாருக்கு லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. பல சீன நிறுவனங்கள் யமஹாவின் 15 குதிரைத்திறன் இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாரின் வடிவமைப்பை ஒட்டி முழு மோட்டார்களையே செய்கின்றன. அவற்றின் பாகங்கள் பலவும் யமஹாவில் அப்படியே உட்காரும். அதனால் 'பொருந்துது' என்பது இன்று ஒரு பாகத்தின் தரத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அளவெடுத்து நகல் செய்வது சுலபம். எந்த ரப்பர், எந்தக் கலப்பு உலோகம், எவ்வளவு சூட்டில் பதப்படுத்தியது என்பதை ஸ்கேல் வைத்து அளக்க முடியாது.

அழிவதற்காகச் செய்த பாகம்

ஜிங்க் கதைக்கு வருவோம். கடல்நீரில் இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு நின்றால் அது ஒரு பேட்டரி. எது எலெக்ட்ரானை எளிதாக விட்டுக்கொடுக்குமோ அது கரையும், மற்றது பிழைக்கும். வெள்ளி/வெள்ளி குளோரைடு அளவுகோலில் கடல்நீரில் ஜிங்க் சுமார் மைனஸ் 1.03 வோல்ட்டில் இருக்கும், மோட்டாரின் அலுமினியம் சுமார் மைனஸ் 0.75இல். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் மேலே. ஆக, ஜிங்க் இல்லையென்றால் ஸ்டீலுக்குப் பக்கத்தில் நிற்கிற அலுமினியம்தான் பலி. ஜிங்க்கை மாட்டினால் அது முன்னால் வந்து தன்னைக் கரைத்துக்கொள்ளும். அதன் வேலையே கரைவதுதான்.

இப்போது அந்த ஜிங்க்கில் கொஞ்சம் இரும்பு கலந்துவிட்டது என்று வையுங்கள். பழைய உலோகத்தை உருக்கி வார்க்கும் பட்டறையில் இது ரொம்ப சாதாரணமாக நடக்கக்கூடியது. இரும்பு கூடினால் ஜிங்க்கின் மேல் கெட்டியாக ஒரு படலம் பிடித்துக்கொள்கிறது. மின்னோட்டம் நின்றுபோகிறது. இதனால்தான் அமெரிக்கக் கடற்படையின் பழைய ஜிங்க் விவரக்குறிப்பு இரும்பு 0.005 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது. ஒரு லட்சத்தில் 5 பங்கு! கண்ணால் பார்த்தோ, கையில் தூக்கிப் பார்த்தோ, சுத்தியலால் தட்டியோ இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. அலுமினியத்தில் செய்த ஆனோடுகளும் இப்போது நிறைய வருகின்றன. அவற்றில் துளி இண்டியம் கலக்க வேண்டும். இல்லையென்றால் அலுமினியம் தன் ஆக்சைடு படலத்துக்குள் ஒளிந்துகொண்டு வேலை செய்யாது.

ஆக, கெட்ட ஜிங்க் எப்படி இருக்கும்? கரையாது. பளபளவென்று ரெண்டு வருஷம் இருக்கும். வாங்கினவர் 'நல்ல சாமான்' என்று நாலு பேரிடம் சொல்வார். கடைக்காரரும் பொய் சொல்லவில்லை, 'யாரும் திருப்பிக்கிட்டு வரலீங்க' என்பார். நல்ல ஜிங்க் வாங்கினவரோ ஒரு வருஷத்தில் பாதி கரைந்துபோச்சே என்று அலுத்துக்கொள்வார். அனுபவம்தான் ஆசான் என்கிறோம். இந்த இடத்தில் அனுபவம் நேர் எதிர்ப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறது.

நேர்மையாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஜிங்க் கரையவில்லை என்றால் உடனே கடைக்காரர் சட்டையைப் பிடிக்க வேண்டாம். அதன் மேல் பெயின்ட் அடித்திருந்தாலும் கரையாது. பெயின்ட்டுக்கு மேல் போல்ட் போட்டு, உலோகம் உலோகத்தைத் தொடாமல் இருந்தாலும் கரையாது. மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஜிங்க்குக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவே பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். தொடர்பு சரியாக இருந்தும், கடலில் ஓடியும், மாசக்கணக்கில் கரையவில்லை என்றால் அப்போது சந்தேகப்படலாம்.

உடைவதற்காகச் செய்த பாகம்

ஜிங்க் ஒரு விதிவிலக்கு என்று நினைத்தால், சின்ன மோட்டார்களில் இருக்கும் ஷியர் பின்னைப் பாருங்கள். புரொப்பெல்லரையும் ஷாஃப்ட்டையும் கோர்க்கும் ஒரு சின்ன ஊசி. புரொப்பெல்லர் பாறையில் இடித்தாலோ வலையில் மாட்டினாலோ அந்த ஊசி உடைய வேண்டும். உடைந்தால் போவது சில ரூபாய். உடையாவிட்டால் போவது கியரும் ஷாஃப்ட்டும். கொஞ்சம் பெரிய மோட்டார்களில் இதே வேலையைப் புரொப்பெல்லரின் நடுவில் இருக்கும் ரப்பர் புஷ் செய்கிறது. அளவுக்கு மீறி விசை வந்தால் அது வழுக்கிக் கொடுக்கும்.

இங்கேயும் அதே கதைதான். 'கம்பெனி பின் அடிக்கடி உடையுது, நான் ஸ்டீல் கம்பியை வெட்டிப் போட்டேன், மூணு வருஷமா அசையலை' என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. மூன்று வருஷம் அவர் எதிலும் இடிக்கவில்லை, அவ்வளவுதான். எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ரொம்ப மெத்தென்ற உலோகத்தில் செய்த பின், எதிலும் இடிக்காமலே, ரிவர்ஸ் போடும்போது உடைந்து படகை அலையில் விட்டுவிடும். இந்தப் பாகத்துக்கு வேண்டியது வலிமையும் இல்லை, மலிவும் இல்லை. இவ்வளவில் உடையணும், இவ்வளவில் உடையக்கூடாது என்கிற கணக்கு. அந்தக் கணக்கு பெட்டிக்குப் பெட்டி மாறாமல் இருக்க வேண்டும். நம்பகம் என்றால் என் அகராதியில் இதுதான். கெட்டியாக இருப்பதில்லை, நேற்று இருந்தபடியே இன்றும் இருப்பது.

'தண்ணி வருதா?'

இப்போது இதயத்துக்கு வருவோம். அவுட்போர்டு மோட்டாருக்கு ரேடியேட்டர் கிடையாது. கடல்தான் ரேடியேட்டர். கீழ்க்காலுக்கு மேலே, டிரைவ் ஷாஃப்ட்டில் ஒரு ரப்பர் இம்பெல்லர் சுற்றுகிறது. ஆறேழு இதழ்கள் உள்ள ஒரு ரப்பர் பூ என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இருக்கும் உலோகக் கிண்ணம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கி அமைந்திருக்கும். அதனால் இதழ்கள் ஒரு பக்கம் மடங்கி, மறுபக்கம் விரிந்து, தண்ணீரை உறிஞ்சி மேலே தள்ளுகின்றன. அதில் ஒரு சின்னப் பங்கு மோட்டாரின் பின்னால் பீய்ச்சி அடிக்கும். 'தண்ணி வருதா?' என்று எல்லாரும் எட்டிப் பார்ப்பது அதைத்தான்.

கடையில் புது இம்பெல்லர் போட்டதும் மோட்டாரைத் தண்ணீர் டிரம்மில் இறக்கி, ஸ்டார்ட் செய்து, மெதுவாக ஓட விட்டுப் பார்ப்பார்கள். தண்ணீர் பீய்ச்சி அடித்தால் சரி. எந்த மட்டமான இம்பெல்லரும் இந்தப் பரீட்சையில் தேறிவிடும், ஏனென்றால் இது மெதுவாக ஓடும் மோட்டாரைத்தான் சோதிக்கிறது. மெதுவாக ஓடும்போது இதழ்கள் கிண்ணத்தின் சுவரை ஒட்டி வழித்து, மடக்கு மடக்காகத் தண்ணீரைத் தள்ளுகின்றன. வேகம் கூடும்போது தண்ணீரின் அழுத்தத்தில் இதழ்கள் சுவரை விட்டு உள்ளே வளைந்து, சாதாரண மையவிலக்கு பம்ப் மாதிரி வேலை செய்ய ஆரம்பிக்கின்றன. எந்த வேகத்தில் எவ்வளவு வளையும் என்பது ரப்பரின் கையில் இருக்கிறது. டிரம்மில் பார்த்தது ஒரு பம்ப். கடலில் முழு வேகத்தில் ஓடுவது வேறொரு பம்ப்.

ரப்பர் ரொம்பக் கெட்டியாக இருந்தால், மடங்கி மடங்கி இதழ் அடியில் விரிசல் விட்டு ஒடியும். ஒடிந்த துண்டு சும்மா இருக்காது. மேலே ஏறித் தண்ணீர்ப் பாதையிலோ தெர்மோஸ்டாட்டிலோ போய் அடைத்துக்கொள்ளும். அடுத்த தடவை நீங்கள் கம்பெனி இம்பெல்லரே போட்டாலும் சூடு குறையாது. கடைசியில் பழி அந்தக் கம்பெனி இம்பெல்லர் மேல் விழும். ரப்பர் ரொம்ப மெத்தென்று இருந்தால் வேறு வியாதி. மோட்டார் நிற்கும்போது மடங்கின இதழ் மடங்கினபடியே தங்கிவிடும். இதற்குத் தனியாக அளவே இருக்கிறது. ரப்பரை அமுக்கி, சூட்டில் வைத்து, விட்டபின் எவ்வளவு பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று பார்ப்பது. ஏ.எஸ்.டி.எம். டி395 என்பது அந்தச் சோதனையின் எண். இதைச் செய்ய ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை, ஒரு சாதாரண ரப்பர் ஆய்வுக்கூடம் போதும். ஆனால் இந்த எண்ணை அச்சடித்த ஒரு இம்பெல்லர் பெட்டியையும் நான் கடையில் பார்த்ததில்லை. ஒரிஜினல் உட்பட.

நகல் எடுப்பதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. யமஹாவின் 75இலிருந்து 90 குதிரைத்திறன் வரையிலான மோட்டார்களுக்கு வரும் ஒரு இம்பெல்லரின் எண் 688-44352-03. நடுவில் இருக்கும் 44352 'இம்பெல்லர்' என்பதைக் குறிப்பது. வேறு யமஹா மோட்டார்களின் இம்பெல்லரிலும் அதே ஐந்து இலக்கம் வரும். கடைசியில் இருக்கும் 03 திருத்தத்தின் எண். அதாவது, செய்த கம்பெனியே முதல் வடிவத்தோடு நிற்காமல் அடுத்தடுத்து மாற்றியிருக்கிறது. நகல் எடுத்தவர் மேஜையில் இருந்த மாதிரி எந்தத் திருத்தத்தைச் சேர்ந்தது? பெட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. 'ஒரிஜினலைப் பார்த்துச் செஞ்சது சார்' என்றால், எந்த வருஷத்து ஒரிஜினல் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார்களிலும் இதே சிக்கல் வேறு வேஷத்தில் வரும். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது நம் கடற்கரையில் பழகின விஷயம். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான். ஆனால் மண்ணெண்ணெய் மாடலுக்கு அழுத்த விகிதம் குறைவு, கார்பரேட்டர் ஜெட்டின் அளவு வேறு. 'ரெண்டுக்கும் சேரும்' என்று விற்கும் கிட்டில் எந்த ஜெட் இருக்கிறது என்று பார்க்காமல் போட்டால், கலவை தப்பி, பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். எரிபொருள் பம்ப்பின் ரப்பர் தோலும் அப்படித்தான். 2025இல் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பை எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது. எத்தனாலைத் தாங்காத ரப்பர் உப்பி, விறைத்து, மெல்ல மெல்லத் தகராறு செய்யும். பழைய அச்சில், பழைய ரப்பரில் இன்னும் வார்த்துக்கொண்டிருக்கும் கிட்டுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்குமா?

கரைக்கு வந்தால் நன்றாக ஓடும்

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்துவது சி.டி.ஐ. பெட்டிதான். ஃபிளைவீலுக்கு அடியில் இருக்கும் காயில் மின்சாரம் உண்டாக்கும். பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் அதைச் சேமிக்கும். சரியான நொடியில் ஒரு சின்ன மின்னணு சுவிட்ச் அதை அவிழ்த்துவிடும். பிளக்கில் பொறி பறக்கும். பெட்டி முழுக்க எபாக்ஸி ஊற்றி மூடியிருப்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று உடைக்காமல் பார்க்க முடியாது.

மட்டமான பெட்டியில் நடப்பது இது. ஓட ஓடச் சூடேறும். சூட்டில் உள்ளே ஒரு இணைப்பு விரிந்து விலகும். மோட்டார் நிற்கும். படகு அரை மணி நேரம் அலையில் ஆடும். ஆறினதும் இணைப்பு சேர்ந்துகொள்ளும், மோட்டார் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். கரைக்கு வந்து கடையில் காட்டினால் பொறி அருமையாகப் பறக்கும். 'மோட்டார்ல ஒண்ணும் இல்ல, பெட்ரோல்ல தண்ணி இருந்திருக்கும்' என்று அனுப்பிவிடுவார்கள். அடுத்த தடவை காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதைப் பொறுத்து உங்கள் தலையெழுத்து.

இதை நான் மிகைப்படுத்தவில்லை. ரோட்டில் வண்டி நின்றால் ஓரம் கட்டலாம். கடலில் ஓரம் கிடையாது. கொஞ்சம் வடக்கே பாக் நீரிணையில் இரண்டு நாட்டு எல்லைக்கோடு பக்கத்திலேயே ஓடுகிறது. எஞ்சின் பழுதாகி நீரோட்டத்தில் அந்தப் பக்கம் போய் மாட்டிக்கொண்டவர்களின் செய்தியை நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அங்கிருந்து இந்தப் பக்கம் ஒதுங்கியவர்களும் உண்டு. பழுதின் காரணம் ஒவ்வொரு முறையும் ஒரு டூப்ளிகேட் பாகம்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு மோட்டார் நிற்பதன் விலை எவ்வளவு என்பதைத்தான் சொல்கிறேன். பாகத்தின் விலைச்சீட்டில் அது இருக்காது.

இரண்டு உபதேசங்கள்

'ஒரிஜினல் மட்டுமே வாங்குங்கள்' என்பது கம்பெனிகளின் உபதேசம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரிஜினல் பெட்டியைத்தான் முதலில் போலியாக அச்சடிக்கிறார்கள். பெயர் பெற்ற ஸ்பார்க் பிளக்குகளில் போலி எவ்வளவு புழங்குகிறது என்பதற்கு, என்.ஜி.கே. போன்ற நிறுவனங்களே போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று விளக்கம் வெளியிடுவதே சாட்சி. ஆக, 'ஒரிஜினல் வாங்கு' என்ற அறிவுரை, 'ஒரிஜினல் பெட்டிக்கு உண்டான காசைக் கொடு' என்பதாகச் சுருங்கிவிடுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

அதோடு, கம்பெனியே இல்லாமல் போனால் என்ன செய்வது? ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களைச் செய்த ஓ.எம்.சி. 2000 டிசம்பரில் திவாலானது. பெயர்களை பம்பார்டியர் வாங்கி நடத்தியது. பிறகு எவின்ரூட் உற்பத்தியும் 2020இல் நின்றது. அந்த மோட்டார்கள் இன்னும் ஓடுகின்றன என்றால் அதில் ஆஃப்டர்மார்க்கெட் நிறுவனங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சியரா மாதிரி, சி.டி.ஐ. எலெக்ட்ரானிக்ஸ் மாதிரி, தன் பெயரைப் போட்டு, எந்த மோட்டாருக்கு எந்த எண் என்று பட்டியல் வெளியிட்டு விற்கிறவர்கள். இவர்களையும் பெயரில்லாத பிளாஸ்டிக் பையையும் ஒரே வார்த்தையில் திட்டுவது அநியாயம்.

மறுபக்கம் விற்பவர்களின் உபதேசம்: 'ரெண்டும் ஒரே ஃபேக்டரியில வர்றதுதான் சார், பெட்டிதான் வேற.' சில சமயம் இது உண்மையாகவும் இருக்கலாம். மோட்டார் கம்பெனிகள் எல்லாப் பாகத்தையும் தாங்களே செய்வதில்லை. ஆனால் ஒரே தொழிற்சாலை என்பதற்கு ஒரே ரப்பர் என்று அர்த்தம் இல்லை. வாங்குகிறவர் என்ன விவரக்குறிப்பு கொடுக்கிறாரோ, எந்த அளவுக்குச் சோதித்துத் தள்ளுபடி செய்கிறாரோ, அதுதான் பாகம். ஒரே சமையல்காரர்தான், ஆனால் கல்யாண வீட்டுக்கு ஒரு சாம்பார், மெஸ்ஸுக்கு ஒரு சாம்பார்.

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பின்னால் 2001இல் நோபல் பரிசு பெற்றபோதும் அந்தக் கட்டுரைதான் பேசப்பட்டது. நல்லதையும் கெட்டதையும் வாங்குகிறவரால் பிரிக்க முடியாவிட்டால், அவர் இரண்டுக்கும் நடுவான ஒரு விலையைத்தான் கொடுப்பார். அந்த விலை நல்லதை விற்கிறவருக்குக் கட்டாது. அவர் விலகுவார். மிச்சமிருப்பதன் தரம் இன்னும் இறங்கும். நம் உதிரிபாகக் கடை இதற்குப் பாடப்புத்தக உதாரணம். நல்ல ரப்பரில் இம்பெல்லர் செய்யும் ஒருவர் 50 ரூபாய் கூடச் சொன்னால், பக்கத்தில் அதே மாதிரி இருக்கும் பையை எடுத்துக்கொண்டு போகிறோம். அப்புறம் 'லோக்கல்ல நல்ல சாமானே வர்றதில்ல' என்கிறோம். அவரை அனுப்பிவைத்தவர்களில் நாமும் உண்டு.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

பொறியியலில் ஒரு பழைய முறை இருக்கிறது. 1949இல் அமெரிக்க ராணுவம் எழுதிய ஒரு நடைமுறையில் தொடங்கி, பிறகு விண்வெளித் துறையும் கார்த் தொழிலும் எடுத்துக்கொண்டது. கார்த் தொழிலில் புழங்கின வடிவத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று மதிப்பெண். போனால் எவ்வளவு கெடுதல்? எவ்வளவு அடிக்கடி போகும்? போகப் போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா? மூன்றையும் பெருக்கினால் வருவது ஆபத்தின் அளவு. நம் கடைப்பேச்சில் இருப்பது நடுக்கேள்வி மட்டும். முதலும் கடைசியும் காணோம்.

இந்த மூன்றையும் வைத்து என் கணக்கை நான் இப்படிப் போட்டுக்கொண்டேன்.

போனாலும் கரைக்கு வந்துவிடலாம், போவதற்கு முன் கண்ணுக்கும் தெரியும் என்றால் — கைப்பிடி ரப்பர், வெளி மூடியின் பூட்டு, ஸ்டார்ட்டர் கயிறு மாதிரி — எதை வேண்டுமானாலும் வாங்கலாம். இங்கே ஒரிஜினலுக்குக் காசு கொட்டுவது வீண்.

திடீரென்று போகும், ஆனால் படகிலேயே மாற்றிவிடலாம் என்றால் — ஸ்பார்க் பிளக், ஷியர் பின் — விலையைவிட எண்ணிக்கை முக்கியம். பெயர் தெரிந்ததாக, சரியான எண்ணாக, இரண்டு செட் கூடவே இருக்க வேண்டும். பிளக்கில் சூட்டு எண்ணைக் கவனிக்கணும். என்.ஜி.கே. வகையில் எண் கூடினால் பிளக் குளிர்ச்சி, குறைந்தால் சூடு. '7 இல்ல, 5 இருக்கு, ஓடும்' என்றால் ஓடும்தான், பிஸ்டன் தாங்கும்வரை.

தான் போவதோடு நிற்காமல் கூடவே வேறொன்றையும் அழித்துவிட்டுப் போகும், போவதும் தெரியாது என்றால் — இம்பெல்லர், தெர்மோஸ்டாட், கிராங்க் சீல், ஜிங்க், சி.டி.ஐ. — இங்கேதான் கஞ்சத்தனம் கூடாது. கம்பெனியுடையதோ, தன் பெயரைப் போட்டு விற்கும் ஆஃப்டர்மார்க்கெட்டோ, எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். புதுசைப் போட்டதும் முதல் ஓட்டம் கரைக்குப் பக்கத்திலேயே, முழு வேகத்தில், நன்றாகச் சூடேறும்வரை. டிரம்மில் பார்த்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இது தனி ஆள் செய்ய முடிந்தது. ஆனால் எல்லாச் சுமையையும் வாங்குகிறவர் தலையிலேயே வைத்துவிட்டுப் போவதும் சரியில்லை. நடுராத்திரி ஒரு மணிக்குக் கடலுக்குப் போகிறவரிடம் ரப்பரின் விவரக்குறிப்பைப் படிக்கச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே மீன்வளப் பொறியியலும் படிப்பிக்கிறார்கள். கடையில் கிடைக்கும் பத்து வகை இம்பெல்லரையும் பத்து வகை ஜிங்க்கையும் சாதாரண விலைக்கு வாங்கி, ரப்பரின் கெட்டித்தன்மையையும் ஜிங்க்கின் இரும்பையும் அளந்து, தமிழில் ஒரு பக்க அட்டவணையாகப் போட்டால் போதும். மாணவர்களின் ஒரு பருவத்து வேலை. அகெர்லாஃப் சொன்ன முடிச்சு அவிழ்வது இங்கேதான். வாங்குகிறவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், நல்லதைச் செய்கிறவருக்கு விலை கட்டும்.

மோட்டார் கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பாகம் சிறந்தது என்றால், எந்த அளவில் சிறந்தது என்று பெட்டியில் எண்ணாகப் போடுங்கள். 'அசல்' என்ற முத்திரையை நகல் எடுக்கலாம். அளந்து பார்க்கக்கூடிய எண்ணை அப்படி எடுக்க முடியாது, பாகத்தையும் அதற்கேற்ப நன்றாகச் செய்தாக வேண்டும்.

அந்த மத்தியானம் மெக்கானிக் பழைய ஜிங்க்கைக் கழற்றி மேஜை மேல் போட்டார். புதுசை மாட்டுவதற்கு முன் அது உட்காரும் இடத்தைப் பளபளவென்று சுரண்டினார். படகுக்காரர் காசைக் கொடுத்துவிட்டு, "இது எத்தனை வருசம் வரும்ணே?" என்றார்.

"வருசக் கணக்கெல்லாம் இல்ல தம்பி. ஆறு மாசம் கழிச்சு வந்து காட்டு. கரைஞ்சிருந்தா எனக்குச் சந்தோசம்."

அவர் முகத்தைப் பார்த்தால் பாதிதான் நம்பின மாதிரி இருந்தது. பழைய ஜிங்க்கைப் பேப்பரில் சுற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். புதுசு மாதிரி இருக்கே, தூக்கிப்போட மனசு வரவில்லை போல.